உட்கார்ந்தாலே கால் பரபரக்கிறதா? நடந்தே தியானம் பழகலாம்

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை. மூன்று முறை தியானம் தொடங்கி விட்டுவிட்டேன். செல்போனில் ஆப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கால் தானாக ஆடுகிறது, ஷிப்மென்ட் தேதி ஞாபகம் வருகிறது, எழுந்துவிடுகிறேன். நண்பர் ஒருவர் பத்து நாள் விபாசனா முகாமுக்குக் கூப்பிடுகிறார். போகலாமா? இல்லை, என்னைப் போன்ற ஆளுக்குத் தியானமே ஒத்துவராதா?

பதில்: தாராளமாக ஒத்துவரும். மூன்று முறையும் நீங்கள் தொடங்கிய இடம்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை போன், மெயில், கட்டிங், செக்கிங் என்று ஓடின உடம்பை டக்கென்று நிறுத்திக் கண்ணையும் மூடச் சொன்னால் அது முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பதஞ்சலி யோகத்துக்குச் சொல்லும் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவதாக வருகிறது. ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. உடம்பு, மூச்சு, அப்புறம்தான் மனசு. ஆப்களில் பலவும் முதல் நாளே ஏழாவது படியில் ஏற்றிவிடுகின்றன.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பரபரப்பு எங்கே தெரிகிறது என்பதைத்தான். சிலருக்கு நெஞ்சில் படபடப்பு. சிலருக்கு உடம்பு அசையாமல் இருக்கும், தலைக்குள் மட்டும் பேச்சு ஓயாது. உங்கள் கடிதத்தில் முதலில் வந்தது கால். ஆகவே காலிலிருந்தே தொடங்குவோம்.

நடைத் தியானம் என்பது உட்கார முடியாதவர்களுக்குக் கொடுக்கும் சலுகை என்று நினைக்காதீர்கள். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ வழியில் நடக்கும் முகாம்களில் உட்கார்வதும் நடப்பதும் மாறி மாறி, ஏறக்குறைய சம அளவில் வரும்.

மொட்டை மாடியில் பதினைந்து அடி நீளம் போதும். செருப்பைக் கழற்றிவிடுங்கள். வழக்கமான நடையில் பாதி வேகம். குதிகால் எழுகிறது, கால் முன்னே போகிறது, பாதம் பதிகிறது. இந்த மூன்றையும் ‘தூக்கு, நகர்த்து, வை’ என்று மனசுக்குள் மெல்லச் சொல்லிக்கொள்ளுங்கள். சாயங்காலம் என்றால் தளத்தில் வெயிலின் சூடு மிச்சமிருக்கும். அந்தச் சூடு முதலில் குதிகாலில் தெரியும், அப்புறம் உள்ளங்காலின் பள்ளத்தைத் தாண்டி முன்பாதத்துக்கு வரும், கடைசியில் கட்டைவிரல் அழுந்தும். கோடியில் போய் நின்று, ஒரு மூச்சு விட்டுத் திரும்புங்கள். பலருக்கும் அந்தத் திருப்பத்தில்தான் வேலை நினைப்பு உள்ளே நுழைகிறது. நுழைந்தால் ‘நினைப்பு’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த காலுக்கு வாருங்கள். விரட்ட வேண்டாம். நினைப்பு வந்ததைக் கண்டுகொண்டு திரும்பி வருகிறீர்களே, அதுதான் பயிற்சி. பத்து நிமிஷத்தில் நாற்பது தடவை திரும்பி வந்தால், நாற்பது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிஷம் நடந்ததும் மூன்று நிமிஷம் மட்டும் உட்காருங்கள். நாற்காலியே போதும், சம்மணம் கட்டாயமில்லை. கண் பாதி திறந்திருக்கட்டும். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். இடையில் அடக்க வேண்டாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும்: இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தளரும். விடும் மூச்சில் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குவதால் வரும் மாற்றம் இது. சிலருக்குத் துலக்கமாகத் தெரியும், சிலருக்கு லேசாக. படபடப்புக்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பதே இந்த நீண்ட வெளிமூச்சைத்தான்.

தலைக்குள் பேச்சு ஓயாதவர்களுக்கு வேறு வழி. மனசுக்கு ஒரு சொல்லையும் கைக்கு ஒரு வேலையையும் கொடுக்க வேண்டும். 108 மணி ஜபமாலை, இஸ்லாமியரின் தஸ்பீஹ், கிறிஸ்தவரின் ஜெபமாலை எல்லாமே அதைச் செய்கின்றன. உங்கள் வீட்டில் எது பழக்கமோ அதை எடுத்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டு பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு உறுப்பாகக் கவனிப்பதும் நல்ல முறைதான், ஆனால் வேலை முடிந்து களைப்போடு வருகிறவர்கள் முழங்காலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். தனியாகச் செய்தால் நிலைக்காது என்றால் மனவளக்கலை வகுப்பில் சேருங்கள். வேதாத்திரி மகரிஷி அதில் தவத்தோடு உடற்பயிற்சியையும் சேர்த்தே வைத்திருக்கிறார், உங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். அவர் நிறுவிய அறிவுத்திருக்கோயிலும் உங்களுக்குப் பக்கத்தில், பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறில்தான் இருக்கிறது.

சரி, விபாசனா. எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய முறை. விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம்போல உட்காரல், பேச்சில்லை, போனில்லை. முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தாலும் ஐந்து நிமிஷம் தாங்காத இந்த நிலையில் போக வேண்டாம் என்றே சொல்வேன். புதியவர்களுக்கும் அங்கே இடமுண்டு, முதல் முறையிலேயே முடித்தவர்களும் இருக்கிறார்கள். நீங்களோ ஏற்கெனவே மூன்று முறை ‘நம்மால் முடியாது’ என்று எழுந்தவர். நாலாவது முறையும் அப்படி ஆகக் கூடாது. வீட்டில் அரை மணி நேரம் உட்காரப் பழகியபின் நண்பரோடு போய் வாருங்கள். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ராத்திரி படுத்தாலும் காலை அசைத்தே ஆக வேண்டும்போல இருக்கிறதா? அப்படியானால் டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் அப்படி வரலாம், ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். படபடப்போடு எடை குறைந்து, கை நடுங்கினால் தைராய்டையும் பார்க்க வேண்டும். கண்ணை மூடினாலே பயமோ பழைய கெட்ட ஞாபகமோ பொங்கி வந்தால் அங்கேயே நிறுத்திக் கண்ணைத் திறந்துவிடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இரண்டு வாரம் முறையை மாற்றாமல் செய்யுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டைகூட மாற்றாமல் நேராக மாடிக்குப் போய்விடுவது நல்லது. ஒரு தடவை சோபாவில் சாய்ந்தால் அன்றைக்கு நடக்காது. போனைக் கீழேயே வைத்துவிடுங்கள், நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். இரண்டு வாரம் கழிந்து, மூன்று நிமிஷ உட்காரல் சீக்கிரம் முடிந்துவிட்டதுபோல ஒரு நாள் தோன்றினால், மறுநாளிலிருந்து அதை ஐந்தாக்குங்கள். நடையைக் குறைக்க வேண்டாம்.