விடெக்கும் விவிடியும் ஒன்றா? பழைய ஹோண்டா இன்டெக்ரா காரில், வேகம் ஏறும்போது சட்டென்று முதுகில் விழும் அந்த 'உதை' எங்கிருந்து வருகிறது?

இரண்டும் வேறு வேறு. இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது ஒரு சிக்கல். எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். டொயோட்டாவின் பழைய விவிடி முதலாவதைக் கவனித்தது. ஹோண்டாவின் விடெக் இரண்டாவதை. நீங்கள் கேட்கும் உதை விடெக்கின் சமாச்சாரம்.

ஒரு சின்னக் கணக்கு. 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க 37.5 மில்லி செகண்ட் ஆகும். 8000-இல் அது 3.75 மில்லி செகண்ட். அந்தக் கண நேரத்துக்குள் சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்க வேண்டுமென்றால் வால்வு நன்றாக ஆழமாகத் திறக்க வேண்டும். பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவத் துண்டுதான் கேம். இப்படி ஆழமாகத் திறக்கும் கேமை சிக்னலில் நிற்கும்போது பயன்படுத்தினால், உள்ளே வந்த காற்றைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். இன்ஜின் குலுங்கும், பெட்ரோல் வீணாகும்.

ஹோண்டா இதற்கு ஒரே ஷாஃப்டில் இரண்டு வித கேம் வைத்தது. இரண்டு வால்வுகளுக்கு மூன்று ராக்கர் ஆர்ம், அதாவது கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் நெம்புகோல்கள். நடுவில் இருப்பது பெரிய கேமின் மேல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். வேகம் ஏறியதும் ஆயில் பிரஷர் ஒரு பின்னைத் தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதன் பிறகு பெரிய கேம் வைத்ததுதான் சட்டம். 1989 இன்டெக்ராவில் இது முதலில் வந்தது: 1.6 லிட்டரில் 160 பிஎஸ் (குதிரைத்திறன்). பொறியாளர்கள் முதலில் குறிவைத்தது 140 தானாம். அப்போது ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த கவமோட்டோ 'லிட்டருக்கு நூறு' என்று இலக்கை ஏற்றிவிட்டார். 1995-இல் வந்த இன்டெக்ராவின் வேக மாடலான டைப் ஆர் 1.8 லிட்டரில் 200 பிஎஸ் கொடுத்தது, அதுவும் 8000 ஆர்பிஎம்மில், டர்போ இல்லாமல்.

அந்த டைப் ஆர் ஒன்றை நான் ஆறு வருஷம் வைத்திருந்தேன். ஜப்பானில் ஓடி முடித்து நியூசிலாந்துக்குக் கப்பலேறி வந்த வண்டி. 5700 வாக்கில் சத்தம் சட்டென்று மாறும், முதுகு சீட்டில் ஒட்டும். நண்பர்களை ஏற்றிக்கொண்டு இதைக் காட்டுவதற்கென்றே பெட்ரோல் செலவழித்திருக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அந்த உதையில் பாதி, அதற்கு முந்தைய சோர்வு. சின்ன கேமுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து டார்க் (இழுவிசை) இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரிய கேம் வந்து தூக்கிவிடுகிறது. அந்த வித்தியாசம்தான் நமக்கு உதையாகத் தெரிகிறது. என் வண்டியில் இசியூவை (இன்ஜினை இயக்கும் கணினி) டியூன் செய்து, இரண்டு கேம்களின் டார்க் கோடுகளும் சந்திக்கும் இடத்துக்கு மாறும் புள்ளியை இறக்கினோம். வண்டி முன்பைவிட வேகமானது. உதை காணாமல் போனது. ஏறிய நண்பர்கள் 'என்னப்பா, விடெக் போயிடுச்சா?' என்றார்கள்.

டொயோட்டாவின் விவிடி கொண்ட 20 வால்வு 4ஏ-ஜிஇ இன்ஜின் 1991-இல் வந்தது. லெவின், ட்ரூனோ கூப்பேக்களில் இருக்கும். அதில் இன்டேக் கேம் கொஞ்சம் முன்னே பின்னே திரும்பும், அவ்வளவுதான். உதையெல்லாம் கிடையாது, நடு வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். பிறகு 1999 செலிகாவில் இரண்டையும் சேர்த்து விவிடிஎல்-ஐ என்று கொடுத்தார்கள். அது 6000-க்கு மேல்தான் முழுசாக விழிக்கும். ரெட்லைன் (இன்ஜின் வேகத்தின் உச்ச வரம்பு) வரை இழுக்காமல் கியர் மாற்றினால் மறுபடி தூங்கிவிடும். ஊருக்குள் ஓட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வாங்குகிற யோசனையில் கேட்டிருந்தால் ஒன்று. இந்த வித்தைகள் எல்லாமே ஆயில் பிரஷரை நம்பி நடப்பவை. ஒருநாள் மலை ஏறும்போது என் வண்டி பெரிய கேமுக்கு மாறவே இல்லை. பூட்டும் அந்தப் பின் உடைந்துவிட்டதோ என்று பயந்து நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால், நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. பார்க்காமல் விட்டது நான்தான். இன்ஜின் சூடாகாவிட்டாலும் விடெக் வராது. அதனால் முதலில் டிப்ஸ்டிக், பிறகு பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டம், அதற்கப்புறம் இரண்டாம் கியரில் 7000 வரை இழுத்துக் காதைக் கொடுங்கள்.