ரோமப் பேரரசின் நாணயங்களில் கிரேக்கப் புராணக் காட்சிகள் வந்தது எப்படி?

காரணம், அவற்றில் பல ரோமில் அச்சானவை அல்ல. பேரரசின் கிழக்குப் பகுதியில் கிரேக்க மொழி பேசிய நூற்றுக்கணக்கான நகரங்கள் உள்ளூர்ப் புழக்கத்துக்குத் தாங்களே வெண்கலக் காசு அடித்துக்கொண்டன. முன்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசரின் தலை. பின்பக்கத்தில் என்ன போடுவது என்பது நகரத்தின் விருப்பம். அங்கேதான் ஒவ்வொரு ஊரும் தன் பழம்பெருமையைக் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது அபிடோஸ் நகரக் காசு. இன்றைய துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் இருந்த ஊர் அது. கிரேக்கக் கதைப்படி, அபிடோஸ் இளைஞன் லியாண்டர், எதிர்க்கரையான செஸ்டோஸில் இருந்த ஹீரோ என்ற பெயருடைய தன் காதலியைப் பார்க்க இரவுதோறும் நீந்திப் போவான். அவள் கோபுரத்தில் விளக்கேற்றி வழிகாட்டுவாள். ஒரு புயல் இரவில் விளக்கு அணைந்தது, அவன் மூழ்கிப் போனான். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்துக் (கி.பி. 193–211) காசு ஒன்றில் அந்தக் கோபுரம், விளக்கு ஏந்திய ஹீரோ, நீந்தும் லியாண்டர் எல்லாம் இருக்கின்றன. அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் ஒரு முழுக் கதை! அச்சு செதுக்கியவரின் கைத்திறன் அபாரம்.

புராணப் போருக்குப் பேர்போன டிராய் இருந்த இடமான இலியம் நகரம், அந்தப் போரில் தன் பக்கம் நின்ற வீரன் ஹெக்டரைப் பொறித்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலோ, பேரரசர் அன்டோனினஸ் பயஸ் காலத்தில் (138–161) கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸின் சாகசங்கள் ஒரு வரிசையாகவே வந்தன.

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடும் பணவீக்கத்துக்கு நடுவே, நகரங்கள் ஒவ்வொன்றாகக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டன.