வளைந்த செங்கல் சுவரும் பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராயபுரம் ஸ்டேஷன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் தாத்தா பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில், அதாவது எஞ்சின் கொட்டகையில், நெருப்பறைக்குக் கரி அள்ளிப்போடும் பயர்மேனாக இருந்தவர். அமெரிக்காவில் நீராவி எஞ்சின்களை வட்டமாக நிறுத்திவைத்த 'ரவுண்ட்ஹவுஸ்' கட்டடங்களின் படங்களை அண்மையில் பார்த்தேன். நம் பக்கம் ரயிலில் போகும்போது, புதர் மண்டிய ஒரு வளைந்த செங்கல் சுவர் கண்ணில் படுகிறது. அது அப்படியொரு கட்டடத்தின் மிச்சமா?

கே., வியாசர்பாடி

அன்புள்ள கே.,

சுவர் வளைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். நம் நாட்டு ஷெட்களில் பெரும்பாலானவை நீளக் கொட்டகைகள்தான். உள்ளே தண்டவாளங்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் எஞ்சினைத் திருப்ப டர்ன்டேபிள் வேண்டியிருந்தது. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி பின்னால் இருக்கும் எஞ்சினைப் பின்பக்கமாக ஓட்டினால் டிரைவருக்கு வழி சரியாகத் தெரியாது. வட்டக் குழியின் நடுவே ஓர் அச்சு, அதன்மேல் தண்டவாளம் போட்ட பாலம். எடை நடுவில் விழும்படி நிறுத்திவிட்டால், டெண்டரோடு 170 டன் வரும் டபிள்யூ.பி. வகைப் பயணிகள் ரயில் எஞ்சினைக்கூடச் சில ஆட்கள் தள்ளித் திருப்பிவிடலாம். குழியிலிருந்து தண்டவாளங்கள் விசிறிபோல் விரிந்த தடம் இருந்தால் ரவுண்ட்ஹவுஸ். ஒன்றிரண்டு பாதைகள் மட்டும் வந்து சேர்ந்தால் வெறும் டர்ன்டேபிள்.

எனக்கு வட்டக் குழியைவிடச் சாம்பல் குழிதான் முக்கியம். உங்கள் தாத்தாவின் உழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஓடி முடித்த எஞ்சின் ஷெட்டுக்கு வந்ததும், தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த நீளக் குழியின்மேல் நிறுத்துவார்கள். நெருப்பறையில் நிலக்கரிச் சாம்பல் உருகிக் கட்டிபிடித்த கிளிங்கரை நீளக் கம்பியால் உடைத்து இழுப்பார்கள். கீழே சாம்பல் தட்டிலிருந்து தணல் கொட்டும். தண்ணீர் அடித்து அணைப்பார்கள். அப்புறம் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை பாயிலரை ஆறவைத்து, உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் கழுவ வேண்டும். மெட்ராஸ் வெயிலில் இந்த வேலை என்றால் நினைத்துப் பாருங்கள்.

டீசலும் மின்சாரமும் வந்ததும் சாம்பல் குழி, நிலக்கரி மேடை, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தூண் எதற்கும் வேலை இல்லாமல் போனது. இரும்புக்கு விலை உண்டு, அதனால் அது முதலில் போகும். பழைய செங்கல்லைப் பெயர்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் மிஞ்சுவது பெரும்பாலும் குழிச் சுவர்களும், கறுத்த மண்ணும், கண்ணாடிபோல் மினுங்கும் கிளிங்கர் துண்டுகளும்தான். தயவுசெய்து தண்டவாளத்தில் இறங்கித் தேடாதீர்கள். ரயில் ஜன்னலிலிருந்தே படம் எடுங்கள்.

பழுதுபார்க்கும் பட்டறையின் கதை வேறு. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய அதே 1856-இல் தொடங்கிய பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் இன்றும் இயங்குகிறது. 1955-இல் வந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.போடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1855-இல் செய்த இ.ஐ.ஆர். 21 நீராவி எஞ்சினுக்கு 2010-இல் மறுபடி உயிர் கொடுத்ததும் இந்தப் பட்டறைத் தொழிலாளர்கள்தான். ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால், நீராவி எஞ்சின் ஒன்றின் அடியில் குனிந்து சாம்பல் தட்டைப் பாருங்கள். குழி ஏன் வேண்டும் என்பது புரிந்துவிடும்.

ராயபுரம் ஸ்டேஷனுக்குத் தூண்கள் இருக்கின்றன, அதனால் அதைப் பேச ஆள் இருக்கிறது. ஷெட்டைப் பேச, அங்கே வேலை செய்தவர்களின் குடும்பங்களை விட்டால் வேறு நாதியில்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: டியூட்டிக்கு எழுப்ப கால்மேன் நோட்டோடு வீட்டுக்கு வந்தாரா, தாத்தா எந்தெந்த ஊர் வரை எஞ்சினில் போனார், எந்த எஞ்சின் அவருக்குப் பிடிக்கும், கரி படிந்த உடுப்பை வீட்டில் எப்படித் துவைத்தார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். சுவரின் படத்தோடு சேர்த்து இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்