செட்டில்மென்ட் பணத்தை வீட்டுக் கடனில் கட்டிவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 14 ஆண்டு வேலை பார்த்தேன். போன மாதம் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். கையில் வந்துகொண்டிருந்த சம்பளம் 62,000. அதில் அடிப்படைச் சம்பளம் 31,200. கிராஜுவிட்டி 2,52,000, விடுப்புப் பணமும் நோட்டீஸ் சம்பளமும் 1,48,000, ஆக 4 லட்சம் வந்திருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி 11 லட்சம், மாதத் தவணை 19,500. கிரெடிட் கார்டில் 60,000. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்து 7,000 சம்பாதிக்கிறார். பிள்ளைகள் இருவர் பள்ளியில். 4 லட்சத்தையும் வீட்டுக் கடனில் கட்டினால் பாரம் குறையுமா? பிஎஃப் பணத்தை எடுக்கலாமா? 40,000 சம்பளத்தில் ஒரு வேலை வரும்போல் இருக்கிறது, சேரலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்கூட்டிப் பணம் கட்டினால் வங்கி வழக்கமாகக் கடன் காலத்தைத்தான் குறைக்கும். தவணை அப்படியே இருக்கும். 4 லட்சத்தைக் கொடுத்த பிறகும் அடுத்த மாதம் அதே 19,500 கேட்டு நிற்பார்கள். தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாலும், 11 லட்சம் 7 லட்சமாகும்போது தவணை ஏறக்குறைய 12,400 ஆகும். மாதம் 7,100 மிச்சம் பிடிக்க 4 லட்சத்தைக் கொடுத்ததாக ஆகும். அவசரத்துக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு டாப்-அப் கடன், அதாவது இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் வாங்கும் கூடுதல் கடன், கிடைப்பது கஷ்டம்.

கிரெடிட் கார்டு கதை வேறு. மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி. மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டினால் அசல் அசையவே அசையாது. 60,000த்தையும் இந்த வாரமே அடைத்துவிட்டு கார்டை அலமாரியில் வையுங்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி குரூப் பாலிசி பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றித் தருவார்களா என்று ஹெச்ஆரிடம் இன்றே கேளுங்கள். அப்படி மாறினால், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்தது கணக்கில் வரும். புதிதாக எடுத்தால் விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் பலன் கிடையாது. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது ஓர் ஆறுதல். இதற்கு 25,000 ஒதுக்குவோம். மீதி 3,15,000.

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலைப் பார்த்தேன். ஓட்டலையும் ஓடிடியையும் நீங்களே அடித்துவிட்டீர்கள், நல்லது. தவணை 19,500, மளிகை, பால், காய், கேஸ் 12,000, பள்ளி 6,000, சீட்டு 5,000, அம்மாவின் மருந்து 2,500, கரண்ட், போன் 2,500, எல்ஐசி 2,000, பெட்ரோல் 1,500. மொத்தம் 51,000. மனைவியின் 7,000 போக மாதம் 44,000 வேண்டும். 3,15,000 என்பது ஏழு மாதப் பணம். அதைத் தனிக் கணக்கில் போட்டு, ஒன்றாம் தேதி 44,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். சம்பளம் போல அது வந்தால்தான் கை கட்டுப்படும்.

இதில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. கௌரவம் பார்த்து விட்டிருந்தால் இந்த மாதமே வாங்குங்கள். மின்சாரத்தில் பலர் கவனிக்காத ஒன்று: இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் கூடுதல் விலை போடுவார்கள். 505 யூனிட் வந்தால் ஐந்து யூனிட்டுக்கான பணம் மட்டும் கூடுவதில்லை. மாதாமாதம் மீட்டரைப் பாருங்கள். சீட்டை நடுவில் நிறுத்தாதீர்கள். கட்ட முடியாது என்று தோன்றினால் உங்கள் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்கச் சொல்லுங்கள். நகையை விற்க வேண்டாம், இப்போதைக்கு அடகும் வேண்டாம்.

பிஎஃப் கடைசிப் பணம். 75 சதவீதம் வரை எடுக்க வழி இருக்கிறது, ஐந்து ஆண்டுக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் வரியும் வராது. ஆனால் 2024-25க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த பணம் அது. ஏழு மாதம் கையில் இருக்கும்போது ஏன் தொட வேண்டும்? எடுக்கத் தயாராக மட்டும் இருங்கள். யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா பாருங்கள். நிறுவனம் ஏற்றவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். இன்னொன்று: ஆதாரிலும் வங்கியிலும் கம்பெனி கொடுத்த சிம் எண்ணைக் கொடுத்திருந்தால், சிம்மைத் திருப்பிக் கொடுக்கும் முன் எண்ணை மாற்றிவிடுங்கள். ஓடிபி வேறு யார் கைக்கோ போய், சொந்தப் பணத்துக்காக அலைய நேரும். சம்பளக் கணக்கும் சில மாதம் சம்பளம் வராவிட்டால் சாதாரணக் கணக்காகிவிடும். மினிமம் பேலன்ஸ் கேட்பார்கள்.

கையிருப்பு மூன்று தவணைக்கான அளவுக்கு இறங்கும்போதே வங்கிக் கிளைக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும்.

40,000 வேலைக்கு வருவோம். அது வந்தால் மாதத் துண்டு 4,000 மட்டுமே. கம்பெனி காப்பீடும் சேர்ந்து கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு மாதம் பழைய சம்பளத்துக்கு முயலுங்கள், தப்பில்லை. மூன்றாவது மாதம் தொடங்கியும் வேறு ஒன்றும் கையில் இல்லையென்றால் இதில் சேர்ந்துவிடுங்கள். சேரும்போது பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். புதிதாக ஒன்று போட விடாதீர்கள்.