மாட்டுங்காவை வார நாளில், நடந்து, வாங்கிப் பழகுங்கள்

கேள்வி: திருச்சியில் இருந்து மும்பை மாட்டுங்கா கிழக்குக்குக் குடிவந்திருக்கிறோம். யாரைக் கேட்டாலும் இட்லிக் கடைகளின் பெயரையே சொல்கிறார்கள். அதைத் தாண்டி இந்தப் பகுதியை எப்படி அனுபவிப்பது? வயதான அம்மாவும் உடன் இருக்கிறார்.

அதைத் தாண்டி என்று நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்தின் எல்லா மூலைகளில் இருந்தும் காரில் வருகிறார்கள். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் மாட்டுங்காவைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் இங்கேயே வந்துவிட்டீர்கள். உங்களுக்குச் செவ்வாயும் புதனும் இருக்கின்றன. அந்த நாட்களின் காலை ஏழு மணிக்குத்தான் இந்த ஊர் தன் முகத்தைக் காட்டும்.

ஆகவே கடைத்தெருவில் தொடங்குங்கள். ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் பண்டார்க்கர் சாலை, தெலங் சாலை, லக்கம்சி நப்பு சாலை என்று நெருக்கமாகச் சில தெருக்கள். நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். மும்பையின் மற்றச் சந்தைகளில் தேடித் திரிய வேண்டியவை எல்லாம் இங்கே தரையில் குவிந்து கிடக்கும்: வாழைத்தண்டு, வாழைப்பூ, பிஞ்சு முருங்கை, சின்ன வெங்காயம், சேனை, சேப்பங்கிழங்கு, வெள்ளைப் பூசணி, மாங்காய் இஞ்சி, கோடை தொடங்கினால் மாவடு. நுனி இலை கேட்டால் நுனி இலையே எடுத்துத் தருவார்கள். நேந்திரங்காய் வறுவலை எண்ணெய்ச் சட்டியில் இருந்து எடுத்த சூட்டோடு பொட்டலம் கட்டுகிற கடைகள் உண்டு. சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலும் உளுந்து அப்பளமும் இங்கே கிடைப்பதால், திருச்சியில் இருந்து வரும் உறவினர்களை மூட்டை சுமக்க வைக்க வேண்டியதில்லை.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுத்திச் சொல்வேன். புதிய ஊரில் வயதானவர்களை வாட்டுவது பெரும்பாலும் மொழிதான். கதவைத் திறந்தால் யாரோடும் பேச முடியாது என்ற நிலை. இந்தத் தெருக்களில் அந்தக் கவலை பாதி குறையும். பூக்கடைகளில் தமிழில் பேரம் பேசலாம். மல்லியும் கதம்பமும் முழக் கணக்கில் அளந்து தருவார்கள்; துளசி மாலையும் மரிக்கொழுந்தும் கிடைக்கும். பூ விற்கிற அக்காவிடம் இரண்டு வாரம் தொடர்ந்து வாங்கினால் மூன்றாவது வாரம் அவரே அம்மாவை உட்காரச் சொல்வார். குஜராத்தின் கட்ச் பகுதியைச் சேர்ந்த வியாபாரிகள் பலரும் காய்களின் தமிழ்ப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் பத்து நிமிடத்தில் காய் வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை இந்தப் பகுதிக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே வாங்குகிறவர்கள் நடந்து வருகிற வரைதான் வாழைப்பூவைச் சுமந்து வந்து விற்க ஆள் இருக்கும்.

காபித்தூளை அரைத்து வாங்குங்கள். மைசூர் கன்சர்ன்ஸ் கடை இருக்கிற திசையை வாசனையே சொல்லிவிடும். எந்தக் கொட்டை, எவ்வளவு சிக்கரி என்று நீங்கள் சொல்கிறபடி கலந்து தருவார்கள். முதல் முறை கால் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள். மும்பைத் தண்ணீருக்கும் இங்கே கிடைக்கும் பாலுக்கும் உங்கள் கலவை சற்று மாறக்கூடும்.

பக்கத்திலேயே கிரி கடை. இன்று சென்னையில் பெரிதாகத் தெரியும் கிரி டிரேடிங் ஏஜென்சி முதலில் தொடங்கியது இதே மாட்டுங்காவில், 1951இல். பஞ்சாங்கம், சுலோகப் புத்தகம், குத்துவிளக்குத் திரி, நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மை என்று அம்மாவுக்கு அங்கே ஒரு மாலைப் பொழுது கரைந்துவிடும். அதையொட்டியே ஆஸ்திக சமாஜத்தின் கோயில். கொச்சு குருவாயூர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1923இல் தொடங்கிய அமைப்பு. தெலங் சாலையில் சங்கர மடம் இருக்கிறது. மாட்டுங்காவின் கிராம தேவதையான மருபாய் காவ்தேவியின் கோயிலும் அந்த வட்டாரத்தில்தான். நாம் எல்லோரும் வருவதற்கு முன்பே இந்த இடத்துக்கு உரியவள் அவள். குடிவந்தவர்கள் ஒரு முறை போய்க் கும்பிட்டுவிட்டு வருவது முறை என்பது என் எண்ணம்.

எப்படி இவ்வளவு தமிழர்கள் இங்கே வந்து சேர்ந்தோம் என்று தெரிந்துகொண்டு நடந்தால் தெருக்கள் வேறு மாதிரித் தெரியும். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றோட்டமில்லாத நெரிசலான குடியிருப்புகளே காரணம் என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கத்து வயல்களையும் சதுப்பையும் மனைகளாகப் பிரித்து, அகலச் சாலை, தோட்டம், கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி என்று திட்டமிட்டார்கள். ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர், தட்டச்சர் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அந்தப் புதிய வீடுகளில் வாடகைக்குக் குடியேறினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள், எஸ்.ஐ.இ.எஸ். என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது அதுதான். கோயில், பள்ளி, சாப்பாட்டுக் கடை, பூக்கடை என்று ஒரு ஊருக்கு வேண்டிய எல்லாம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

அந்தத் திட்டத்தின் பலனை மாலையில் நடந்து அனுபவியுங்கள். கிங்ஸ் சர்க்கிளில் இருந்து உள் தெருக்கள் வழியாக ஐந்து தோட்டங்கள் வரை போங்கள். அவற்றுக்கு இப்போது மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயர். பக்கத்துத் தாதர் பார்சி குடியிருப்பை உருவாக்கியவர் அவர். வழியெங்கும் 1930, 40களின் ஆர்ட் டெக்கோ கட்டடங்கள். வளைந்த பால்கனி, மூலையில் வட்டமாகத் திரும்பும் சுவர், சன்னலில் சூரியக்கதிர் போன்ற கம்பி வேலைப்பாடு, வாசல் மேலே கட்டடத்தின் பெயர் பொறித்த எழுத்து. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தால்தான் இவை கண்ணில் படும். ஒவ்வொன்றாக இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது. பழைய வீடுகளில் தண்ணீர் ஒழுகுவதையும் லிஃப்ட் இல்லாமல் வயதானவர்கள் படியேறித் தவிப்பதையும் பார்க்கிறேன், அதனால் இடிக்கக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. நிற்கிறவரை பார்த்துவிடுங்கள்.

அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றால் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியில் இருக்கும் நானாலால் மேத்தா தோட்டம் போதும். பாலத்துக்குக் கீழே வண்டிகளும் குப்பையும் ஆக்கிரமிக்கிற இடத்தை, அக்கம்பக்கத்தார் தொடர்ந்து கேட்டு, நடைபாதைத் தோட்டமாக மாற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ 600 மீட்டர் நீளம், நர்மதை நதியின் வளைவுகளைப் போல வளைந்து போகும் பாதை. தலைக்கு மேலே பாலம் இருப்பதால் வெயிலும் மழையும் தொடாது. இரு பக்கமும் போக்குவரத்து இரைச்சல் உண்டு. அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிளில் மகேஸ்வரி உத்யான் என்னும் பூங்காவின் ஓரத்து நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். ரூயா, போதார், கால்சா, வி.ஜே.டி.ஐ. என்று சுற்றிலும் கல்லூரிகள் இருப்பதால் பாடநூல்களே அதிகம். பொறுமையாகத் தேடினால் மற்றவையும் அகப்படும்.

இனி சண்முகானந்தா சபை. மாட்டுங்காவில் குடியிருந்துகொண்டு அங்கே கச்சேரி கேட்காமல் இருப்பது பெரிய இழப்பு. 1952இல் தொடங்கிய சபை, 1963இல் சொந்த அரங்கத்தைத் திறந்தது. 1990இல் தீயில் கருகிய அரங்கத்தை மீண்டும் கட்டி எழுப்பினார்கள். இன்று 2,700க்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆட்டோ ரிக்‌ஷா இந்தப் பக்கம் ஓடாது என்பதால் நடக்கலாம், அல்லது டாக்சி பிடிக்கலாம். (மும்பைத் தீவு நகரத்துக்குள் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது, சயான் வரைதான்.) கர்நாடக இசை மட்டும் இல்லை, இந்துஸ்தானி, நாட்டியம், நாடகம் எல்லாம் நடக்கும். சபையில் உறுப்பினராகச் சேரும் வழியை விசாரித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து போனால் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சிநேகிதி நிச்சயம் கிடைப்பார். நான் பார்த்த வரையில் இந்த ஊரில் முதியவர்களின் நட்பு அரங்கத்திலும் கோயில் பிராகாரத்திலும்தான் பிறக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நம்மவர்கள் தமிழ்க் கடை என்று நினைத்துப் போகிற இடங்களில் பெரும்பாலானவை உடுப்பி, மங்களூர்ப் பக்கத்தவர்கள் நடத்துபவை. ஆகவே சாம்பாரில் லேசான இனிப்பு இருக்கும். திருச்சிச் சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள். ராம் ஆஷ்ரயா விடியற்காலையிலேயே திறந்துவிடும். ஆறரை மணிக்குப் போய் உப்புமாவும் அன்னாசி கேசரியும் சாப்பிடுங்கள், அங்கே கேசரியை ஷீரா என்பார்கள். கஃபே மெட்ராஸில் ரச வடை, ராகி தோசை, வார நாளில். ரயில் நிலையம் அருகே மாடியில் இருக்கும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு என் முதல் தேர்வு அதுதான். படி ஏற வேண்டும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் பகுதியில் சில பழைய கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையார் சதுர்த்தியின்போது கிங்ஸ் சர்க்கிளில் கௌட சாரஸ்வத பிராமணர்களின் அமைப்பான ஜி.எஸ்.பி. சேவா மண்டலின் கணபதி ஐந்து நாள் வீற்றிருப்பார். 1955இல் தொடங்கிய வழிபாடு. தங்க வெள்ளி அலங்காரத்துக்குப் பெயர் பெற்றது. அந்த ஐந்து நாட்களும் அந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டி நகராது. வீடு அருகில் இருப்பதால் அதிகாலையில் நடந்து போய்த் தரிசித்துவிடுங்கள். மழைக்காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட் பக்கமும் தாழ்வான இடங்கள். கனமழையும் கடல் மட்டம் ஏறுகிற உயர் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் கால்வாய் நீர் கடலில் இறங்காமல் சாலையில் தேங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓத நேரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம்.

ரயிலைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். மத்திய பாதையில் மாட்டுங்கா, மேற்குப் பாதையில் மாட்டுங்கா ரோடு, துறைமுகப் பாதையில் கிங்ஸ் சர்க்கிள், மூன்றும் நடக்கிற தூரம். மாட்டுங்காவில் வேக வண்டிகள் நிற்காது, தாதரில் மாறிக்கொள்ளுங்கள். முழுக்கப் பெண்களே பணியாற்றும் புறநகர் நிலையமாக 2017இல் மாறியது இந்த மாட்டுங்காதான். டிக்கெட் கொடுப்பது முதல் பாதுகாப்பு வரை அவர்கள் கையில். அம்மாவிடம் அதையும் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. மாட்டுங்காதான் மும்பையின் தமிழ்ப் பகுதி என்று சொல்லிக்கொண்டே, ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் தாராவிக்கு ஒரு முறைகூடப் போகாத குடும்பங்கள் இங்கே நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருநெல்வேலிச் சீமையில் இருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். மளிகைக்கடையில் அண்ணாச்சி, சுவரில் தமிழ்ச் சுவரொட்டி, மாரியம்மன் கோயில், காமராஜர் பெயரில் பள்ளி என்று முழுமையான தமிழ் வாழ்க்கை அங்கே நடக்கிறது. தைப் பொங்கல் அன்று காலையில் தொண்ணூறு அடி சாலைக்குப் போங்கள். பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டித் தெருவிலேயே பொங்கல் வைப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவராக இல்லாமல், ஒரு கட்டுக் கரும்போ வெல்லமோ அங்கேயே வாங்கிக்கொண்டு, அம்மாவோடு போங்கள். தாராவி மறுகட்டுமானம் தொடங்கிவிட்டதால் அந்தச் சாலை இன்றைய உருவத்தில் எத்தனை பொங்கலுக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. வருகிற தையிலேயே போய்விடுங்கள்.