கேலி வீடியோவும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: வீடியோ தொடக்கத்தில் "எல்லாம் கற்பனையே, யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை" என்று போட்டால் போதுமா? (திருப்பூர்)

ப: போதாது. ஆள் யாரென்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால் அவதூறு வழக்கில் அந்த அட்டை காப்பாற்றாது. கேலியை உண்மைச் செய்தியாக யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க மட்டும் உதவும். அதற்கும் வீடியோ முழுக்க ஓரத்தில் "நையாண்டி" என்று ஓடவிடுவதுதான் சரி. வாட்ஸ்அப்பில் வெட்டிப் பரப்புகிறவர்கள் முதலில் வெட்டுவதே தொடக்க அட்டையைத்தான்.

கே: தலைவர் ஒருவரின் குரலை ஏ.ஐ.யில் செய்து போடலாமா? (மதுரை)

ப: மிமிக்ரி கலைஞரை வைத்துச் செய்வதே பாதுகாப்பு. ஏ.ஐ.தான் வேண்டுமென்றால் அது ஏ.ஐ. குரல் என்று திரையில் எழுதிக் காட்டுங்கள், யூடியூபில் பதிவேற்றும்போது "மாற்றப்பட்ட உள்ளடக்கம்" என்பதற்கு ஆம் கொடுங்கள். நம்பும்படியான அறிவிப்பை மட்டும் அவர் வாயில் வைக்காதீர்கள். "நாளை முதல் ரேஷன் கார்டு ரத்து" என்று அவர் குரலில் போட்டால் அது வதந்தி. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 353-க்கு, அதாவது வதந்தி பரப்பும் குற்றத்துக்கு, நீங்களே வழிவிடுகிறீர்கள்.

கே: என் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள். வீடியோவை அழித்துவிட்டேன். என்ன செய்வது? (ஊர் குறிப்பிடவில்லை)

ப: எந்தப் பிரிவு, எந்த நிலையம், எந்தத் தேதி, எதுவும் எழுதாமல் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? முதலில் காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ல் போலீஸ் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ் வந்திருந்தால் குறித்த நாளில் போங்கள். போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம். பிணையில் வரமுடியாத பிரிவு இருந்தால் அதற்கு முன்பே அதே சட்டத்தின் 482-ல் முன்பிணை கேளுங்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள், கோப்பை அழிக்காதீர்கள். வெட்டாத மூல வீடியோ, ஸ்கிரிப்ட், பதிவேற்றிய நேரம் மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெட்டிய 20 வினாடியை எதிர்த்தரப்பு காட்டும்போது முழுதும் உங்களிடம் இல்லையென்றால் வழக்கறிஞர் என்ன செய்வார்?

கே: 66ஏ பிரிவில் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். (கரூர்)

ப: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ, 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து செத்துப்போன பிரிவு. தீர்ப்பு நகலைக் கொடுங்கள்.

கே: அமைச்சரைக் கிண்டல் செய்த வீடியோ. அவதூறு என்றுதான் புகார். எஃப்.ஐ.ஆரில் 196, 353 எல்லாம் இருக்கிறது. எப்படி? (சேலம்)

ப: இந்தக் கடிதம்தான் அதிகம் வருகிறது. விளக்கமாகவே எழுதுகிறேன். அவதூறு, அதாவது பி.என்.எஸ். 356, போலீஸ் தானாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றமே இல்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அமைச்சரின் அலுவல் சார்ந்ததென்றால் அரசு வழக்கறிஞர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் கொடுக்கலாம். தனிப்புகாரில் உங்கள் தரப்பைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் வழக்கைக் கோப்பில் எடுக்கவும் முடியாது. இவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே பிரிவினரிடையே பகை மூட்டும் குற்றமான 196-ஐ, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 153ஏ-வை, ஒட்டுகிறார்கள். பி.என்.எஸ்.எஸ். 174(4)-ன்படி ஒரு பிரிவு போலீஸ் அதிகாரத்துக்குள் வந்தாலே வழக்கு முழுவதும் உள்ளே வந்துவிடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கடைசியில் விடுதலை கிடைக்கலாம், அதுவரை பறிமுதலான போனும் கேமராவும் எளிதில் திரும்பாது.

196-க்கு மதம், இனம், மொழி, சாதி போன்ற அடிப்படையில் இரண்டு பிரிவினராவது வேண்டும், பகை மூட்டும் நோக்கமும் வேண்டும். ஒரு அமைச்சரும் அவர் கோபமும் இரண்டு பிரிவினர் அல்ல. இன்னொன்று: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், பி.என்.எஸ்.எஸ். 173(3)-ன்படி, எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில் அதை நடத்துவதே பொருத்தம் என்று இம்ரான் பிரதாப்கரி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நையாண்டியும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்கள் வழக்கில் அந்த விசாரணை நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 528-ல் உயர் நீதிமன்றத்தில் போடும் ரத்து மனுவின் முதல் வாதம் அதுதான். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், "துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்" என்ற நகைச்சுவை முகநூல் பதிவு மீதான வாடிப்பட்டி எஃப்.ஐ.ஆரை ரத்து செய்த தீர்ப்பையும் மனுவில் சேருங்கள். ஆனால் வீடியோவில் தலைவரின் சாதியையோ மதத்தையோ தொட்டிருந்தால் மேலே சொன்னதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கே: செய்திச் சேனல் காட்சி 40 வினாடி எடுத்தேன். காப்புரிமைப் பிரச்சினை. (கோவை)

ப: யூடியூபில் வந்தது கிளெயிமா (உரிமை கோரல்), ஸ்ட்ரைக்கா (வீடியோவை நீக்கிக் கொடுக்கும் எச்சரிக்கை)? இரண்டும் வேறு. கிளெயிமென்றால் டிஸ்ப்யூட் (மறுப்பு) போடுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டால் விழுந்துவிடும். ஸ்ட்ரைக்கென்றால் எதிர் நோட்டீஸ். அதில் உங்கள் பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும், யோசித்துச் செய்யுங்கள். காப்புரிமைச் சட்டம் 52(1)(அ)-வின் விமர்சனப் பாதுகாப்பு உண்டுதான். காட்சிக்கு நடுவே உங்கள் கேலி இருக்க வேண்டும். 40 வினாடி அப்படியே ஓடவிட்டு முடிவில் சிரித்தால் அது விமர்சனம் ஆகாது.

கே: சட்டசபைப் பேச்சை வெட்டிக் கேலி செய்யலாமா? (சென்னை)

ப: ஒளிபரப்பான பேச்சைச் செய்யலாம். அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களைப் போட்டால் அது சட்டசபையின் உரிமை மீறல். 1950-களில் பீகார் சட்டசபையில் நீக்கிய பேச்சை வெளியிட்ட சர்ச்லைட் பத்திரிகை வழக்குக் காலத்திலிருந்தே சட்டம் அப்படித்தான். அந்த அதிகாரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1987-ல் எம்.எல்.ஏ., அமைச்சர் பற்றிய ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது நம் சட்டசபை. பதிவேற்றும் முன் அன்றைய நீக்கல் உத்தரவு என்னவென்று பார்த்துவிடுங்கள்.