இரண்டு மடங்கு விலைக்கு ஐபோன் வாங்கலாமா?

கேள்வி: நான்கு வருடமாக ஒரே ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறேன். இப்போது மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. ஐபோனுக்கு மாற ஆசை. ஆனால் நான் பார்த்துவைத்திருக்கும் புதிய ஆண்ட்ராய்டு போனைப் போல அது இரண்டு மடங்கு விலை. "நாளாக ஆக ஐபோன்தான் லாபம்" என்கிறார்கள் நண்பர்கள். வட்டியில்லாத் தவணையும் உண்டாம். பணக் கணக்கில் எது சரி?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஐபோனைத் திருப்பி விற்கும்போது பொதுவாக நல்ல விலை போகும், அது சரி. ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

ஐபோன் விலை 100, நீங்கள் பார்த்த ஆண்ட்ராய்டு 50 என்று வைத்துக்கொள்வோம். ஐபோனை 5 வருடம் வைத்திருந்து 25-க்கு விற்றால் வருடத்துக்கு 15 செலவு. அந்த ஆண்ட்ராய்டுக்கு இன்னும் 3 வருடம்தான் பாதுகாப்பு அப்டேட் (திருடர்கள் நுழையக்கூடிய மென்பொருள் ஓட்டைகளை அடைப்பது) வரும், அப்புறம் 5-க்குத்தான் போகும் என்றால், அதுவும் வருடத்துக்கு 15தான். இதுவே 5 வருடம் அப்டேட் வரும் ஆண்ட்ராய்டு என்றால், கடைசியில் சும்மா கொடுத்தாலும் வருடத்துக்கு 10தான். (இவை நான் போட்டுக்கொண்ட எண்கள். நீங்கள் விசாரித்த விலைகளை வைத்துப் போட்டுப் பாருங்கள்.)

ஆக, மிச்சமிருக்கும் அப்டேட் வருடங்கள்தான் முடிவு செய்கின்றன. வங்கிச் செயலியும் பாஸ்வேர்டுகளும் இருக்கும் போனில் பாதுகாப்பு அப்டேட் நின்றபின் ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு 7 வருட அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதையே சொன்னது. 2018-இல் வெளியான ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 (ஐபோனின் இயங்குதளம்) வரை கிடைத்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு மாடல்களில் இது 2, 3 வருடத்தோடு நின்றுவிடுவதும் உண்டு.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த வருடங்கள் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடப் பழைய மாடலுக்குத் தள்ளுபடி என்றால், அதில் கணிசமான பங்கு கழிந்துபோன அந்த இரண்டு வருடங்களுக்கானது. ஐபோனுக்கும் இதே கதைதான்.

அடுத்து, மாறுவதற்கென்று ஆகும் செலவு. ஒரு பக்கம் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் மறுபக்கம் வராது. கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதா? புதிய கேலக்ஸி வாட்ச்கள் ஐபோனோடு சேராது, ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. படங்களை ஏற்றி வைக்க கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலேயே மெயிலும் அடக்கம். ஆப்பிள் தருவது 5 ஜிபி. இரண்டுமே ஒருநாள் நிரம்பும், அப்புறம் மாத வாடகைதான். சின்னத் தொகை என்பதால் யாரும் கவனிப்பதில்லை. என் கார்டு ஸ்டேட்மென்டில் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்த அந்த வாடகையை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பணத்தில் ஒரு பேட்டரி மாற்றியிருக்கலாம்.

பேட்டரி என்றதும் நினைவுக்கு வருகிறது. நீங்கள் சொன்ன ஒரே குறை அதுதான். 500 முழு சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்பதுதான் ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் வைத்திருந்த கணக்கு (15 முதல் அது 1,000). தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்துக்குள் 500 தாண்டிவிடும். உங்களுடையது ஆண்ட்ராய்டு என்றாலும், நான்கு வருடப் பேட்டரி தளர்ந்ததில் அதிசயமே இல்லை. இப்போதே செட்டிங்ஸில் போய் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி என்றால் புதுசு வாங்க வேண்டியதுதான்.

தவணைக்கு ஒரே கேள்வி போதும்: "முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு?" விலை குறைந்தால், அந்த வித்தியாசம்தான் உங்கள் வட்டி. செயலாக்கக் கட்டணம் தனியாக ஒளிந்திருக்கும், அதையும் கேளுங்கள்.

நான்கு வருடம் ஒரே போனை வைத்திருப்பவர் நீங்கள். உங்களுக்கு என் வாக்கு, குறைந்தது 5 வருட அப்டேட் மிச்சமிருக்கும் ஆண்ட்ராய்டுக்குத்தான். ஐபோன்தான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அதை லாபம் என்ற கணக்கில் எழுதாதீர்கள். ஆசைக்கென்று தனியாகச் சேர்த்து வாங்குங்கள்.

மாறுவதாக முடிவானால், புது ஐபோனைச் செட்டப் செய்யும்போதே வாட்ஸ்அப் உரையாடல்களையும் மாற்றிவிடுங்கள். செட்டப் முடித்த பிறகு என்றால் போனை மறுபடி ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். வங்கிச் செயலியும் ஓடிபி செயலியும் புதிய போனில் வேலை செய்கின்றனவா என்று உள்ளே போய்ப் பார்க்கும் வரை பழையதை விற்காதீர்கள்.